அப்படியே பூங்கொடியாட்ட

என் கண்ணு பூங்கொடிக்கு,

முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன்.

உன் மகன் கதிருக்குக் கால்நடை மருத்துவப் படிப்பில் இடம் கிடைத்துவிட்டது. நம் சொந்தத்தில் மாட்டு டாக்டருக்குப் படிக்கப்போகிற முதல் ஆள் அவன்தான். இதைக் கேட்டவர்களிடமும் சொல்கிறேன், கேட்காதவர்களிடமும் சொல்கிறேன். உன் மகள் யாழினி சிலம்பத்தில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தாள். அவள் சுற்றினால் கம்பு கண்ணுக்குத் தெரியாது, காற்றுச் சத்தம்தான் கேட்கும். உன் தம்பி முருகேசனின் மகன் நித்தின், நீ பார்க்காத பிள்ளை, ஒன்றாம் வகுப்புதான் படிக்கிறான். பஸ்ஸில் போனால் ஒரு கடைப் பலகை விடாமல் உரக்கப் படித்துக்கொண்டே வருகிறான். ஐந்தாவதோடு நின்ற நானும் போட்டிக்குப் படித்துப் பார்த்தேன். அன்னூர் தாண்டுவதற்குள் தோற்றுப்போனேன்.

எல்லாம் நல்ல சேதிதானே, பிறகு ஏன் அழுதுகொண்டே எழுதுகிறாய் என்று கேட்பாய். சொல்கிறேன்.

நீ வாழப்போன சூரத்திலேயே கண்ணை மூடி ஆறு வருசம் ஆகிறது; உன் பிள்ளைகள் இந்த அம்மாவிடம்தான் வளர்கிறார்கள். ஒவ்வொரு வருசமும் உன் நாளன்று முருகேசன் பேஸ்புக்கில் உன் படத்தைப் போடுவான். எப்போதும் அதே படம்தான். கண்ணைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டு, எதையோ சொல்ல வந்து நிறுத்தின மாதிரி இருப்பாயே, அது. இந்த வருசம் படம் வேண்டாம், நான் எழுதுவதைப் போடு என்று சொல்லிவிட்டேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் படிக்கட்டும். நடந்ததில் அவர்களுக்கும் பங்கு இருக்கிறது. பெரிய பங்கு என்னுடையதுதான்.

கதிருக்கு இடம் கிடைத்த சந்தோசத்தில் முருகேசன் எங்களைக் கோயமுத்தூருக்கு வரச் சொன்னான். கண்கட்டு வித்தை காட்டுகிற மியூசியம் ஒன்று வந்திருக்கிறதாம். உள்ளே போய் நாமே அந்த வித்தைக்குள் நின்று படம் எடுத்துக்கொள்ளலாமாம். கிளம்பும்போது நான் யாழினிக்குப் பச்சைப் பாவாடை சட்டையை எடுத்துக் கொடுத்தேன். அது என்ன துணி என்று உனக்குத் தெரியும். உன் தலைத் தீபாவளிக்கு எடுத்த வாழைக்குருத்துப் பச்சைச் சேலை, அரக்குக் கரை போட்டது. அதை வெட்டித்தான் தைக்கக் கொடுத்தேன்.

"ஜீன்ஸ் போட்டுக்கறனுங்களே அம்மிச்சி" என்றாள்.

"இதப் போட்டாத்தான் அப்படியே பூங்கொடியாட்ட இருக்கற. பேசாம போடு" என்றேன்.

அவள் பேசாமல் போட்டுக்கொண்டாள்.

மியூசியத்தில் முதலில் ஒரு மேசை. அதன்மேல் ஒரு தட்டு. தட்டில் கத்தரிக்காய்க்கு நடுவில் கதிரின் தலை! உடம்பைக் காணோம். தலை என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

"எந்திரிச்சு வாடா! நல்ல நாளும் அதுவுமா தலையத் தட்டுல வெச்சுக்கிட்டு" என்று கத்தினேன்.

"எனக்கு ரெண்டு இட்லி வெச்சுட்டுப் போங்க அம்மிச்சி, கையக் காணோம், ஊட்டித்தான் உடோணும்" என்கிறது தலை.

மேசைக்குக் கீழே கண்ணாடி சாய்த்து வைத்திருக்கிறார்கள் என்று நான்தான் முதலில் கண்டுபிடித்தேன். அடுத்து உருளுகிற ஒரு குகை. நடுவில் பாலம். பாலம் அசையவே இல்லை, சுற்றிலும்தான் சுழல்கிறது. கீழே விழுந்துவிடும் என்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, கம்பியை இறுகப் பிடித்துக் கடந்துவிட்டேன். முருகேசன்தான் பாதியில் உட்கார்ந்துவிட்டான். "என்னைய ஏமாத்த இன்னொருத்தன் பொறந்து வரோணும்" என்று பெருமை பேசிக்கொண்டே அடுத்த அறைக்குப் போனேன்.

அந்த அறையைக் கோணலாகக் கட்டியிருக்கிறார்கள், பூங்கொடி. ஒரு மூலை கிட்டத்தில் இருக்கிறது, இன்னொரு மூலை தூரத்தில் இருக்கிறது. ஆனால் வெளியே தரையில் பாதம் வரைந்திருக்கிற இடத்தில் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே தூரம் மாதிரி தெரியும். அதனால் கிட்டத்து மூலையில் நிற்கிறவர் பெரிய ஆளாகவும், தூரத்து மூலையில் நிற்கிறவர் சின்னப் பிள்ளையாகவும் தெரிவார்கள். இதெல்லாம் கதிர் பிறகு சொன்னது. அப்போது எனக்குத் தெரியாது.

அங்கே வேலை பார்க்கிற பெண், "அம்மணி, நீ இந்த மூலைக்குப் போ. தம்பி, நீங்க அந்த மூலைக்குப் போங்க" என்று யாழினியையும் கதிரையும் உள்ளே அனுப்பினாள். நான் பாதத்தின்மேல் பாதம் வைத்து நிமிர்ந்து பார்த்தேன்.

நீ நின்றுகொண்டிருந்தாய்.

உன் உயரம். உன் பச்சைச் சேலை. இடது கையை இடுப்பில் வைத்து, ஒரு காலைத் தளர்த்தி நிற்பாயே, அப்படியே. உன் பக்கத்தில், உன் இடுப்புயரத்துக்குக் கதிர். ஒரு தடவை மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்குச் சூரத்திலிருந்து வந்து, நீயும் அவனும் நம் வாசலில் இப்படித்தான் நின்றீர்கள். நான் வெளியே வந்து வாங்கன்னு சொல்கிற வரைக்கும் உள்ளே வராமல் நின்றாய்.

எனக்கு வேறொன்றும் ஞாபகம் இல்லை. "வா கண்ணு. எப்ப வந்தே? ஏன் அங்கயே நிக்கற? காப்பி வெக்கறேன் வா, பூங்கொடி" என்று சொல்லிவிட்டேன். வாய்க்குள் அல்ல. ஊரே கேட்கிற மாதிரி.

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "அம்மா, நல்லா நடிக்கறீங்க" என்று ஒருவர் சொன்னார். முருகேசன் சிரிக்கவில்லை.

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். "இப்ப ரெண்டு பேரும் எடம் மாறிக்குங்க" என்றாள். நீ அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு நடக்க ஆரம்பித்தாய். நடக்க நடக்கச் சிறுத்துப்போனாய். பாதி அறை தாண்டும்போது பள்ளிக்கூடப் பெண். சுவரைத் தொடும்போது அஞ்சு வயசுப் பிள்ளை. என் கண் முன்னாலேயே, ஒரு சத்தமும் இல்லாமல். நீ ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்தாய்; கடைசி இரண்டு நாள் நான் ரயிலில் இருந்தேன். வந்து சேர்ந்தபோது முடிந்துவிட்டது. நீ குறைந்துகொண்டே போனதை நான் பார்க்கவில்லை. அன்றைக்கு அதைப் பார்த்துவிட்டேன்.

வெளியே வந்து எல்லோரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். யாழினி சாப்பிடவில்லை. கப்பில் அது உருகிக்கொண்டிருந்தது.

"அம்மிச்சி, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளு கண்ணு."

"அம்மா சாகறப்ப எத்தன வயசுங்க?"

"முப்பத்தாறு. எதுக்கு?"

விரல் விட்டு எண்ணினாள். "அப்ப எனக்கு இன்னும் இருவத்தஞ்சு வருசம் இருக்குதுங்க."

"எதுக்குக் கண்ணு இருவத்தஞ்சு வருசம்?"

"நீங்கதானுங்க சொல்றீங்க. எல்லாருந்தான் சொல்றாங்க. அப்படியே அம்மாவாட்டன்னு."

கதிர்தான் அவள் தலையில் ஒரு குட்டு வைத்து, "லூசு, எனக்குக்கூடத்தான் அம்மா மூக்கு" என்றான்.

பூங்கொடி, அந்தப் பதினொரு வயசுப் பிள்ளை எத்தனை நாளாக இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள்? தலை பின்னும்போது சொல்வேன், பூங்கொடியாட்ட அடர்த்தி என்று. சோறு போடும்போது சொல்வேன், பூங்கொடியாட்ட ரசத்தை ஒதுக்குகிறாள் என்று. கம்பு சுற்றத் தோதாக முடியை வெட்டிக்கொள்கிறேன் என்று கெஞ்சினாள். உங்கம்மாளுக்கு இடுப்புக்குக் கீழே முடி, வெட்டினால் கையை ஒடித்துப்போடுவேன் என்றேன். ஒறம்பரைக்கு வருகிற சொந்தக்காரர்களும் அவள் தாடையைப் பிடித்து அதையேதான் சொல்லிவிட்டுப் போவார்கள். கொஞ்சுகிறோம் என்றுதானே நினைத்தோம்? ஒவ்வொரு தடவையும் அவளுக்கு நாள் குறித்திருக்கிறோம்.

ஊருக்கு வந்ததும் நீ அனுப்பின படங்கள் இருக்கிற பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். அம்மாவுக்குப் போனில் படம் திறக்கத் தெரியாது என்று, சூரத்தில் ஸ்டுடியோவுக்குப் போய்ப் பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்புவாய். நான் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்காகப் பின்னால் பெரிய பெரிய எழுத்தில் எழுதுவாய். யாழினியின் முதல் படத்துக்குப் பின்னால் எழுதியிருக்கிறாய்: 'எல்லாரும் என்னாட்டன்னு சொல்றாங்க. எனக்குத் தெரியலை. இவ இவளாட்டத்தான் இருக்கா.' அன்றைக்கே சொல்லிவிட்டாய். நான்தான் முன்பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்தக் கோணல் அறையில் முருகேசன் எடுத்த படம் அவன் போனில் இருந்தது. மறு வாரம் கொண்டுவந்து காட்டினான். "அம்மா, அக்காவோட புதுப் போட்டோவாட்டவே உழுந்திருக்குது. இந்த வருசம் இதையே போட்டுரட்டுங்களா?" என்றான்.

எனக்கு வேண்டும் என்று இருந்தது. ஊரில் எல்லோருக்கும் தினம் ஒரு புதுப் படம் வருகிறது. உனக்கு மட்டும்தான் வருவதில்லை. ஆறு வருசம் கழித்து ஒன்று வந்திருக்கிறது, அதுவும் பொய். ஆனாலும் நீ. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கண்ணாடி போட்டதும் யாழினி தெரிந்தாள். கழற்றினேன், நீ தெரிந்தாய். போட்டேன். கழற்றினேன். எத்தனை தடவை அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. கடைசியில், "அழிச்சுப்போடு சாமி" என்றேன். அழித்துவிட்டான். உன்னை இரண்டாம் தடவையும் நான் வழி அனுப்பவேண்டியதாகிவிட்டது.

அவளிடம் உன்னைத் தேடக்கூடாது என்றால், நான் எங்கே போய்த் தேடுவது கண்ணு? இந்த ஆறு வருசமும் அதை வைத்துத்தானே எழுந்து நடமாடினேன்? எனக்கு யார் பதில் சொல்வார்கள்?

சொந்தக்காரர்களே, நம் வீட்டுக்கு வாருங்கள், சாப்பிடுங்கள். அந்தப் பிள்ளையைப் பார்த்து அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லாதீர்கள்.

உனக்கு நான் வாக்குக் கொடுக்கிறேன். பீரோவில் மீதி இருக்கிற உன் மூன்று சேலைகளையும் வெட்ட மாட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை கோபிக்குக் கூட்டிப்போய் யாழினிக்கு முடியை வெட்டி விடுவேன். அங்கேயே அவளை ஒரு படம் எடுத்து, பின்னால் என் கையாலேயே யாழினி என்று எழுதி வைப்பேன். வாய் தவறி உன் பெயர் வந்தால் நாக்கைக் கடித்துக்கொள்வேன். முப்பத்தேழு வயசில் அவள் எப்படி இருப்பாள் என்று பார்க்க நான் இருக்க மாட்டேன். ஆனால் அவள் இருப்பாள்.

நீ சூரத்தில் இருந்தபோது நான் எழுதின எல்லாக் கடிதத்தையும் ஒரே ஒரு வரியைக் கொண்டுதான் முடிப்பேன். இதிலும் அந்த இடத்துக்கு வந்ததும் கை தானாக எழுதிவிட்டது. அடித்துவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. இருக்கட்டும்.

புதுசாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போட்டு விடு கண்ணு.

உன் அம்மா,
யாழினியின் அம்மிச்சி