தம்பி என்று கூப்பிட்டால்

ஞாயிறு இரவு.

நித்திரை வரவில்லை. எங்கள் கல்லூரிப் பழைய மாணவரும் அவர்களின் பிள்ளைகளும் ஆடும் உதைபந்தாட்ட அணிக்கு நான் பயிற்சியாளர். இன்றைய அரையிறுதியில் தோற்றது என் வாயால்தான்.

ஆட்டத்துக்கு முன் எல்லோரையும் வட்டமாக நிறுத்திக் கல்லூரியின் பாரம்பரியம் பற்றிப் பேசினேன். "மூத்தவை பந்தைக் கேட்டால் மறுபேச்சில்லாமல் குடுக்க வேணும்," என்றேன். பாதிப்பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லண்டனில் பிறந்த கஜன் மட்டும் கவனமாகத் தலையாட்டினான். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

ஆட்டம் முடியும் தறுவாயில் சமநிலை. பந்து கஜனின் காலில் இருந்தது. எங்கள் கோலுக்கு முன்னால் நின்ற எதிரணியின் நரைத்த தலைக்காரர் ஒருவர், "தம்பி, இஞ்ச தாரும்!" என்று கை நீட்டினார். கஜன் கொடுத்துவிட்டான், அளந்து வைத்தாற்போல் அவருடைய வலது காலுக்கே. கோல்!

"விசரா, அவர் சிவப்பு உடுப்பெல்லோ!" என்று கத்தினேன்.

"சொறி கோச், அவர்தான் எல்லாரையும்விட மூத்தவர். நீங்கள்தானே சொன்னனீங்கள்."

ஒரு வருடமாக நான் தொண்டை கிழியச் சொன்னதில் அவன் கேட்டு நடந்தது இது ஒன்றுதான்.

முடிந்ததும் அந்த மனிதர் என்னிடம் வந்தார். "பெடியனை நல்ல வடிவா பழக்கியிருக்கிறீர்," என்று தோளில் தட்டினார். எனக்குக் கொதித்தது. நறுக்கென்று ஏதாவது சொல்ல வாயைத் திறந்தேன்.

"தம்பி, அந்தப் பந்தை ஞாபகத்துக்குத் தாருமன்," என்றார்.

எங்கள் பந்து. புதுப் பந்து.

"ஓம் அண்ணை," என்று கொடுத்துவிட்டேன்.