கரேத்தாவின் அண்ணனுக்கு நான் சூட்டிய தொப்பி

அன்பு மகள் சொகோர்ரோவுக்கு அம்மா எழுதுவது. கார்மேன் மாதாவின் கருணையால் இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மருமகனும் சிகாகோ குளிரில் சளி பிடிக்காமல் இருக்கிறீர்கள் என்று நீ எழுதினால்தான் எனக்குச் சோறு இறங்கும். உன் அப்பாவின் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, படகுக்குப் போகாதே என்றால் கேட்பதில்லை. இந்த வருடம் இறால் குறைவு. உன் சித்தி மகளுக்குப் பெண் குழந்தை, மூக்கு நம் வீட்டு மூக்கு, பாவம்.

நம் சிரிப்பு நடிகர் கரேத்தா இறந்துபோனது அங்கேயும் செய்தியில் வந்திருக்கும். இந்த அல்வராடோவில் பிறந்தவர், சின்ன வயதிலேயே குடும்பத்தோடு தலைநகரம் போனவர் என்றாலும் ஊரே துக்கம் காத்தது. மீன் சந்தையில் பாதிக் கடை திறக்கவில்லை, அவர் படத்தில் திக்கித் திக்கிப் பேசும் பேச்சைப் பேசாத வாய் இல்லை, அழுகிறவனும் திக்கித்தான் அழுதான். அவர் ஆத்துமாவுக்காகச் சொல்லும் ஒன்பது நாள் ஜெபத்தின் எட்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, ரசிகர்கள் எல்லாம் சேர்ந்து சதுக்கத்தில் மேடை போட்டு, கரேத்தா மாதிரி பேசும் போட்டி வைத்தோம். எனக்குத்தான் பெரிய குரல் என்று மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார்கள். மகளே, உன் சித்தி போனில் சொல்லி நீ தெரிந்துகொள்வதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன், எழுதும்போதே முகம் எரிகிறது.

முடிதிருத்துகிறவர் பேசினார், துறைமுக எழுத்தர் பேசினார், எல்லோரும் வேர்க்கடலைச் சாராயம் குடித்திருந்தார்கள், ஒரே சிரிப்பு. கடைசியாகச் சாம்பல் கோட்டு போட்ட ஒரு வயதான மனிதர் படியேறி வந்தார், யாருக்கும் தெரியாத முகம். பேர் என்னங்கய்யா என்று கேட்டேன். அவர், "நா... நா... நான் வ... வந்து..." என்று ஆரம்பித்தார், அவ்வளவுதான், சதுக்கமே வெடித்தது. அச்சு அசல் கரேத்தா. அவர் கையைத் தூக்கிக் கொஞ்சம் பொறுங்கள் என்பதுபோல் காட்டினார், அதுவும் நடிப்பென்று நினைத்து இன்னும் சிரித்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். "எ... எ... எந்த ஊருங்கய்யா?" என்று நானும் திக்கிக் காட்டினேன். அவர் சொல்ல முயன்றார், முயல முயலச் சொல் தொண்டையிலேயே நின்றது, கழுத்து நரம்பு புடைத்தது. பரிசுக்கு வைத்திருந்த ஓலைத் தொப்பியை எடுத்து அவர் தலையில் வைத்து, கையைத் தூக்கிப் பிடித்து, "செத்தவரே எந்திரிச்சு வந்துட்டாருய்யா!" என்று கத்தினேன். அவர் தொப்பியைக் கழற்றி, நசுங்காமல் மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கிப் போனார். அவரை அழைத்து வந்த டாக்சிக்காரன் என்னிடம் வந்து, "என்னம்மா பண்ணிட்ட? அவரு கரேத்தாவோட அண்ணன் நிகானோர்மா. நடிக்கல, அவரு பேச்சே அப்படித்தான். தம்பி படத்துல பேசுனதே இவரப் பாத்துத்தான்" என்றான். மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது, அவன் சொன்னது எல்லோருக்கும் கேட்டுவிட்டது. அதற்கப்புறம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, கூட்டம் தானாகக் கலைந்தது.

மறுநாள் காலை அவர் தங்கியிருந்த விடுதிக்குப் போனேன். உன் அப்பா, "போகாதடி, இன்னும் அசிங்கமாயிடும்" என்று தடுத்தார், கேட்கவில்லை. கதவைத் திறந்தவர் முன்னால் நின்று அழுதேன். உட்காரச் சொன்னார். அவர் பேசத் தொடங்கினால் மிச்சத்தை நான் முடித்துவைக்கிறேன், இரண்டு தடவை முடித்தேன், இரண்டும் தப்பு. அப்புறம்தான் உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. தம்பிக்காக அழுத ஊருக்கு நன்றி சொல்லத்தான் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார். "மு... முழுசாச் சொல்ல வி... விடுவீங்களாம்மா?" என்று கேட்டார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

சாயங்காலம் ஒன்பதாம் நாள் பூசையில் பாதிரியாரிடம் சொல்லி அவரைப் பேச வைத்தேன். வாசலிலேயே நின்று, எவனாவது பல்லைக் காட்டினால் தொலைத்துவிடுவேன் என்று ஒவ்வொருவராகச் சொல்லித்தான் உள்ளே விட்டேன். உன் அப்பாவுக்குத் தொடையில் ஒரு கிள்ளும் வைத்தேன். நிகானோர் மெதுவாகப் பேசினார். கடைசியில் தம்பிக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டதாம், உளறுவது அண்ணனுக்கு மட்டும்தான் புரியுமாம். அப்போது தம்பியிடம் இவர் சொன்னாராம், "நா... நாப்பது வருஷமா எ... என் நாக்க வச்சுப் பொ... பொழச்ச. இப்ப உன் நாக்கு போ... போயிடுச்சுன்னு எ... என்னோடத இரவல் கே... கேக்காத." சொல்லிவிட்டு எங்களைப் பார்த்துக் காத்துக்கொண்டு நின்றார். கோயிலில் ஒரு சத்தம் இல்லை, எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். அவர் இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, காதருகே குனிந்து, "அ... அது ஜோக்கும்மா. த... தம்பி அப்படிச் சிரிச்சான். இ... இங்க ஒருத்தரும் சி... சிரிக்கலையே?" என்றார்.

நேற்று மீன் செதில் உரசும்போது அந்த இரவல் நாக்கு ஜோக் நினைவுக்கு வந்து, அடக்க முடியாமல் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். ஆனால் அவர் பூசைக்கு மறுநாள் விடிந்ததுமே பஸ் ஏறிப் போய்விட்டிருந்தார் கண்ணு.

வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ, மருமகனுக்கு மிளகாயைக் குறைத்துப் போடு. மாதா உங்கள் இருவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

முத்தங்களுடன்,
உன் அம்மா
எர்லிந்தா