நைட்ரஸுக்குத் தனி டேங்க்

மார்ச் 3, செவ்வாய்

அண்ணன் இன்று பட்டறைக்கு வந்தான். பதினான்கு மாதமாக எட்டிப் பார்க்காதவன், சாப்பாட்டு இடைவேளையில் கோடவுனிலிருந்து நடந்தே வந்து, மூலையில் நிற்கும் ரேஸ் காரின் தார்ப்பாயை இழுத்தான். வலது கையில் கடைசி இரண்டு விரல் மடங்கியே இருப்பதால் இடது கையால்தான் இழுத்தான். நான் லேத்தை நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏதாவது பேச வேண்டியிருக்கும்.

ஒரே ஒரு தடவை ஓட்ட வேண்டுமாம். அப்புறம் காரை விற்றுவிடலாமாம். "என்னால பொறுமையா ஓட்ட முடியுதான்னு பார்க்கணும். அவ்வளவுதான் டாக்டர்." இஞ்சினைப் பிரித்துப் போடுகிறவள் என்பதால் பள்ளிக்கூட நாளிலிருந்தே அவனுக்கு நான் டாக்டர். இன்று அப்படிக் கூப்பிட்டதும் லேத்தின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இஞ்சினைப் புதிதாகக் கட்டி மூடி வைத்து ஆறு மாதம் ஆகிறது. பாக்கி இருப்பது பெட்ரோல் லைன் மட்டும். பழையபடியே போட்டுவிடு என்றான். "லைன்ல என்ன தப்பு? தப்பு பட்டனை அழுத்தின என் விரல்ல இருந்துச்சு."

பார்க்கலாம் என்றேன். பார்க்கலாம், இருக்கலாம் — என் வாயில் வேறு வார்த்தையே வராதா?

மார்ச் 5, வியாழன்

எழுதிப் பார்த்தால் தெளியும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பட்டனை அழுத்தினால், வேகத்தைக் கூட்டுகிற நைட்ரஸ் வாயு இஞ்சினுக்குள் பாயும். அதோடு சேர்ந்து கூடுதல் பெட்ரோலும் பாய வேண்டும். பெட்ரோல் குறைந்தால் உள்ளே சூடு எகிறிப் போய் சில நொடிகளில் பிஸ்டன் உருகிவிடும். இதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள் நான். சிரிப்பு வருகிறது.

இப்போது இருக்கிறபடி என்றால், காரின் டேங்கிலிருந்தே இஞ்சினுக்கும் நைட்ரஸுக்கும் எடுப்பது. பம்பைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஆனால் இஞ்சின் முழு மூச்சாக உறிஞ்சுகிற அதே நேரத்தில்தான் நைட்ரஸும் கேட்கும். மாடி வீட்டில் ஒருவர் குளிக்க ஆரம்பித்தால் கீழ்வீட்டு சமையலறையில் தண்ணீர் நூலாக வருமே, அந்தக் கதைதான். இல்லையென்றால் நைட்ரஸுக்கென்று தனியாக ஒரு சின்ன டேங்க், நாலு லிட்டர் போதும். அதற்கென்று தனி பம்ப், தனி லைன், தனி ரெகுலேட்டர். அதில் ரேஸ் பெட்ரோல் மட்டும். பிரஷர் இறங்கினால் நைட்ரஸைத் தானாகவே நிறுத்திவிடுகிற ஒரு சுவிட்ச். எடை கூடும். கூடட்டும்.

தனி டேங்க்தான். இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை.

சாமான் கடைக்காரரிடம் கேட்டேன். இருக்கிறது, ஆனால், "பழைய லைனே தாராளம்னு நீங்கதானேம்மா சொன்னீங்க, இப்ப எதுக்கு தனியா?" என்றார். எனக்குக் காது கேட்காதது போல ஹோஸ் கிளிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எல்லாரும் இதைத்தான் கேட்கப் போகிறார்கள். அண்ணன் முதலில் கேட்பான்.

மார்ச் 8, ஞாயிறு

அண்ணன் வீட்டில் சாப்பாடு. அண்ணி கோழி வறுத்திருந்தாள். கார் மறுபடி ஓடப் போகிறது என்று தெரிந்ததில் அவளுக்குக் கோபம், அதைக் கேலியாகவே பரிமாறினாள். டீ ஆறுகிற வரைக்கும் பொறுக்க மாட்டார், நாக்கைச் சுட்டுக்கொள்வார், இவருக்கு மறுபடியும் பட்டன் ஒரு கேடா என்றாள். அண்ணன் சிரித்தான். அவன் மகளும் சிரித்தாள், பன்னிரண்டு வயது, அப்பாவின் அவசரம் அந்த வீட்டில் ஒரு நிரந்தர ஜோக். நானும் சிரித்தேன்.

சாப்பிட்டதும் எல்லாரும் கடைக்குப் போனோம். அண்ணி ஓட்டினாள். அண்ணன் பின் சீட்டில் மகளோடு உட்கார்ந்தான். லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன், இப்போது கோடவுனில் பெட்டி அடுக்குகிற இடத்தில் நிற்கிறான். ட்ராக்கில் ரேஸ் கார் தீ பிடித்த நாளிலிருந்து ஸ்டியரிங்கைத் தொடவில்லை. "என்னை நம்பி எப்படிப் பிள்ளையை ஏத்துறது" என்று ஒரு தடவை சொன்னதோடு சரி. யாரும் வற்புறுத்தவும் இல்லை.

பின்னால் அவன் தொண்டையைச் செருமினாலே எனக்குத் தூக்கிப்போட்டது.

மார்ச் 9, திங்கள்

சொல்லிவிட வேண்டும். லேத் பெல்ட் மாற்றினேன்.

மார்ச் 14, சனி

பழைய பம்பை மேஜையில் மாட்டி மறுபடி ஓட்டிப் பார்த்தேன். எதற்கு? பதில் மாறிவிடும் என்றா? பெட்ரோல் எங்கும் பாயாமல் நிற்கும்போது கேஜில் பிரஷர் ஆறு. பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட் வழியாகக் கேனுக்குள் பாயவிட்டால் நாலு. தீக்குப் பிறகு போன வருஷம் பார்த்தபோதும் இதேதான்.

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது.

ட்ராக் வரிசையில் எங்கள் முறை வந்ததும் நான் கேஜைப் பார்த்துவிட்டு பானட்டை மூடி, ஜன்னலில் குனிந்து எண்ணைச் சொல்வேன். அவன் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு, கையை வெளியே விட்டுக் கூரையில் இரண்டு தட்டு தட்டுவான். எட்டு வருஷப் பழக்கம். ஒருநாளும் கேஜை அவன் பார்த்ததில்லை. டாக்டர் சொன்னால் சரி.

அன்றைக்கு மதியம் பெரிய ஜெட் மாற்றினோம். ஜெட்டை மாற்றினால் பெட்ரோலைக் கேனில் பாயவிட்டு, பாயும்போதே பிரஷர் பார்க்க வேண்டும். பத்து நிமிஷ வேலை. அதற்குள் எங்கள் வண்டி எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் கேனை எடுக்கவில்லை. நின்ற பெட்ரோலில் கேஜைப் பார்த்தேன், குனிந்து "ஆறு" என்றேன். "ஆறு" என்றான். இரண்டு தட்டு.

பாதி தூரத்தில் பிஸ்டன் உருகியது, பானட்டுக்கு அடியில் தீ. வண்டியைப் பாதையோரம் நிறுத்தி, அணைக்கிறவர்கள் வருவதற்குள் இவன் பானட்டைத் திறக்கப் போனான். கை வெந்தது. ட்ராக் ஆபீசர் வந்து பார்த்துவிட்டு, பட்டனைச் சீக்கிரம் அழுத்திட்டாரோ என்று என்னைக் கேட்டார். வேகம் ஏறுவதற்கு முன்னால் அழுத்தினாலும் தீ பிடிக்கும்தான். அண்ணனை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் "இருக்கலாம்" என்றேன்.

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. மற்றதை அவனே நம்பிக்கொண்டான். அவசரக்காரன் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன்தானே.

உருகிய பிஸ்டன் என் மேஜையின் கீழ் டிராயரில் இருக்கிறது. பூட்டி வைத்திருக்கிறேன். தூக்கிப் போடவும் கை வரவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

கெட்டிக்காரி வேலை ஒன்று செய்தேன். அண்ணனுக்குப் போன் பண்ணி, இந்த வருஷம் ரூல் மாறிவிட்டது, நைட்ரஸ் வண்டிக்கெல்லாம் தனி டேங்க் கட்டாயம் என்றேன். ரூல்னா போட்டுத்தானே ஆகணும் என்றான். அவ்வளவு சுலபம்.

டேங்க், பம்ப், லைன் எல்லாம் வாங்கியாயிற்று. அவன் இனிமேல் தீயில் மாட்ட மாட்டான். அது போதாதா? போதும். அவனும் ஒழுங்காக ஓட்டி முடித்துவிட்டால், இந்தத் தடவை பொறுமையாக இருந்தேன் என்று சந்தோஷப்படுவான்.

சீ. எழுதும்போதே அசிங்கமாக இருக்கு.

மார்ச் 21, சனி

எல்லாம் வெளியே வந்துவிட்டது.

காலையில் பேர் கொடுக்க ட்ராக்குக்குப் போயிருக்கிறான். ஆபீசரிடம் தனி டேங்க் ரூலைப் பற்றி விசாரித்திருக்கிறான். நல்ல எண்ணத்தில்தான், எடை எவ்வளவு கூடலாம் என்று கேட்க. நேரே பட்டறைக்கு வந்தான். "அப்படி ஒரு ரூலே இல்லையாமே." கோபமே இல்லை. நான் ஏதோ தப்பாகப் படித்துவிட்டேன் என்று நினைத்துச் சொல்கிறான். அதைப் பார்த்ததும்தான் என்னால முடியல. டிராயரைத் திறந்து பிஸ்டனை எடுத்து மேஜையில் வெச்சேன்.

எல்லாத்தையும் சொன்னேன். ஜெட், கேன், கூப்பிட்ட எண், எல்லாம். ஒழுங்கா வரிசையாக்கூட சொல்லல. அழுதுக்கிட்டே சொன்னேனா? தெரியல.

அவன் கேட்டது இரண்டே கேள்வி. "அன்னைக்கு எத்தனைன்னு சொன்னே?"

"ஆறு."

"ஓடும்போது எத்தனை?"

"நாலு."

பிஸ்டனை அந்தக் கையில் எடுத்தான். நீட்ட முடிகிற விரல்களால் ஓட்டையின் ஓரத்தைத் தடவினான். பிறகு சொன்னான், "பதினாலு மாசமா என் பொண்ணை நான் வண்டியில ஏத்தல."

பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டே போய்விட்டான். தெரு முனை வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்க்கவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

சாப்பிடக் கூப்பிடவில்லை. கூப்பிடுவார்கள் என்று பத்து மணிக்கே குளித்து உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 27, வெள்ளி

அண்ணி வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அவர் சாப்பிடுகிறார், தூங்குகிறார், பேசத்தான் மாட்டேன் என்கிறார் என்றாள். அந்தப் பிஸ்டன் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதாம், யாரும் நகர்த்தக் கூடாதாம்.

அப்புறம் சொன்னாள், "தப்பு பண்ணினதுகூட விடு. யாரும் பண்றதுதான். நான் அவரைக் குத்திக் குத்திப் பேசும்போதெல்லாம் நீ பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டியே. சிரிச்சியே."

 என்னை மட்டுமில்லை, தன்னையும் சேர்த்துத்தான் கேட்டாள் போல. முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். வாசலில் அவள் செருப்பு மாட்டக் கொஞ்ச நேரம் ஆனது. நான் எழுந்து போய்க் கையைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை.

ஏப்ரல் 1, புதன்

வேலை ஓடவில்லை. இரண்டு போல்ட் மரையைக் கெடுத்தேன்.

ஏப்ரல் 4, சனி

காலையில் பட்டறையைத் திறக்கும்போது அண்ணன் வாசலில் நிற்கிறான். "தனி டேங்கே போடு" என்றான்.

நாள் முழுக்கச் சேர்ந்து வேலை செய்தோம். டிக்கியில் டேங்கை இறக்கி நான்கு பக்கமும் பட்டை போட்டு இறுக்கினோம். லைனை எக்ஸாஸ்ட் பக்கம் போகாமல் சுற்றிக் கொண்டுவந்தோம். ஸ்பேனர், கிளாம்ப், இன்னும் கொஞ்சம், போதும் — இதைத் தவிரப் பேச்சில்லை. மடங்கிய விரல்களோடு ரெகுலேட்டரின் அடியில் கைவிட அவனால் முடியவில்லை. நான் செய்தேன். அவன் ஒதுங்கி நின்று பார்த்தான், அதைச் சகிக்கத்தான் கஷ்டமாக இருந்தது.

மாலை கேனில் பாயவிட்டுப் பிரஷர் வைத்தோம். நான் கேஜின் பக்கம் குனிந்தேன். "நீ கேனைப் பிடி. கேஜை இனிமே நான் பார்த்துக்கறேன்" என்றான். சத்தமாகச் சொல்லவில்லை. திருகைத் திருப்பச் சொன்னான், நிறுத்தச் சொன்னான், எத்தனை என்று மட்டும் சொல்லவில்லை. நான் கேனைப் பிடித்தபடி தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டேன்.

போகும்போது, கேஜின் முகத்தை முன்கண்ணாடிக்கு வெளியே, டிரைவருக்குத் தெரிகிற மாதிரி மாற்றிவிடு என்றான். சரி என்றேன். டாக்டர் என்று கூப்பிடுவான் என்று எதிர்பார்த்தேனா? ஆமாம், எதிர்பார்த்தேன். என்ன ஜென்மமோ.

ஏப்ரல் 11, சனி

கேஜை மாற்றினேன். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன், எண் பளிச்சென்று தெரிகிறது.

ஏப்ரல் 19, ஞாயிறு

ட்ராக். நல்ல வெயில். அண்ணியும் மகளும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார்கள்.

வரிசையில் சேர்வதற்கு முன்னால் அண்ணனே பானட்டைத் திறந்து, கேனை வைத்து, பாயவிட்டுப் பார்த்தான். பத்து நிமிஷம். நானும் தள்ளி நின்று கேஜைப் பார்த்துக்கொண்டேன். பின்னால் ஒருவன் ஹார்ன் அடித்தான், இவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவசரக்காரனாம்.

எங்கள் முறை வந்தது. எட்டு வருஷம் பழகிய கால், கேட்காமலே ஜன்னலுக்குப் போய்விட்டது. குனிந்தபோதுதான் பார்த்தேன், கண்ணாடி ஏற்றியிருந்தது. அவன் கேஜைப் பார்த்தான். பிறகு பாதையைப் பார்த்தான். நான் நிமிர்ந்து பின்னால் வந்துவிட்டேன். கூரையில் தட்டவில்லை.

சுத்தமான ஓட்டம். பட்டனை எப்போது அழுத்த வேண்டுமோ அப்போது அழுத்தினான், சத்தத்திலேயே தெரிந்தது. ஒரு துளிப் புகை இல்லை. முடித்து வந்து ஹெல்மெட்டைக் கழற்றியதும் மகள் ஓடிப் போய்க் கட்டிக்கொண்டாள். அவன் முகத்தை அவள் தலையில் புதைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றான். அண்ணியும் நானும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம்.

காரை விற்கவில்லையாம், அண்ணிதான் சொன்னாள். இனி வேலை இருந்தால் சொல்லி அனுப்புவார் என்றாள். சொல்லி அனுப்புவார். சரி.

திரும்பும்போது வீட்டு வண்டியை அண்ணன் ஓட்டினான். மகள் முன் சீட்டில். பின் சீட்டில் அண்ணிக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. நான் ரேஸ் காரை ஏற்றிய வேனில், டிரைவரோடு வந்தேன்.

ஓடும்போது பிரஷர் ஆறு. என்னை யாரும் கேட்கவில்லை.