உங்கள் பின்வளவைக் கடந்த சுழல்

என் அன்புக்குரிய குகன் அண்ணை,

நேற்றுப் பின்னேரம் உறுதியான செய்தியை முதலில் சொல்கிறேன். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, ஹவுன்ஸ்லோவில் உங்கள் வீட்டுப் பின்வளவைக் கடந்து போனது சுழல்காற்றுத்தான். சொன்னவர் இந்த நாட்டின் சுழல்காற்றுகளைப் பதிவுசெய்யும் தன்னார்வலர்களில் ஒருவர், சேதத்தை நேரில் வந்து அளந்த வெள்ளைக்கார அம்மா. உங்கள் மனைவி மலர் அக்காவுக்கு மின்னஞ்சல் போட்டு, எனக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தார். சிறியது, பலம் குறைந்தது, சில தெருக்கள் தூரம் மட்டும் தரையைத் தொட்டது என்று எழுதியிருக்கிறார். எவருக்கும் காயமில்லை.

இருபது வருடமாக அதைத் தேடினீர்கள். லீவு கிடைத்த நாளெல்லாம் காரை எடுத்துக்கொண்டு எங்கோ ஒரு வயல் ஓரத்தில் போய் நின்றீர்கள். கடைசியில் அது உங்கள் தக்காளிப் பாத்திக்கு மேலால் போயிருக்கிறது, நீங்கள் போய் ஐந்து மாதத்தில். இதை உங்களுக்கு எப்படிச் சொல்வது?

உங்களைத் தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் ஹீத்ரோவில் விமானங்களுக்குப் பொதி ஏற்றியவர். மழையிலும் மின்னலிலும் வெளியே நின்று வேலைசெய்ததில் வானத்தைப் படிக்கப் பழகியவர். இடிமழையைப் பின்தொடர எங்களைச் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினீர்கள். தமிழ்ப் பத்திரிகையில் முப்பது வருடம் செய்தி எழுதிய என்னையும் இழுத்துப் போட்டீர்கள். இப்போது பதினொரு பேர் இருக்கிறோம். குழுவின் கணக்கு பன்னிரண்டு என்று காட்டுகிறது. உங்கள் இலக்கத்தை எவரும் நீக்கவில்லை.

உங்கள் பின்வளவில் நட்ட கம்பத்தையும் எவரும் கழற்றவில்லை. அதிலுள்ள கருவிகள் காற்றின் வேகம், திசை, மழை, காற்றழுத்தம் எல்லாவற்றையும் நிமிடத்துக்கு நிமிடம் இணையத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அதை நிறுத்தட்டா என்று இறுதிக்கிரியை முடிந்த கையோடு யாரோ கேட்க, அக்கா விட்ட ஏச்சு ஏழெட்டு மைல் தள்ளியிருக்கும் மோர்டன் வரைக்கும் கேட்டது. “அது தன்ரபாட்டில வேலை செய்யுது. உங்களிட்டச் சாப்பாடு கேட்டதோ?” என்றா.

அந்தச் சனிக்கிழமை மத்தியானமே புழுக்கம். தென்மேற்கில் முகில் கோபுரமாக எழும்பியதை ஹரோவில் என் மேல்மாடி அறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். மூன்றரைக்கு ரேடாரில் ஒரு செம்புள்ளி. நாலு மணிக்கு அது ஹவுன்ஸ்லோவை நோக்கி வளைந்தது. எங்கள் குழுவிலுள்ள டாக்டர் வசந்தி, மோர்டனில் இருக்கும் மதுரைக்காரி, அன்று விடுப்பு. உங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் ஒரு வெளியின் ஓரம் காரை நிறுத்திவிட்டு நின்றா.

நீங்கள் வைத்த விதியை இன்னும் காக்கிறோம். எதைக் கண்டாலும் நிற்கும் இடம், பார்க்கும் திசை, மணி, இந்த மூன்றும் இல்லாமல் குழுவில் போடக்கூடாது. சுற்றுவதைக் கண்ணால் காணாமல் ‘சுழல்’ என்ற சொல்லைப் பாவிக்கக்கூடாது. வசந்தி அப்படியே செய்தா. இடமும் திசையும் மணியும் சொல்லிவிட்டு, குரல் செய்தியில் மெதுவாக, “அடியில ஒரு துண்டு மேகம் தனியா தொங்குது. சுத்துதா இல்லையான்னு சொல்லத் தெரியல. ஒண்ணு மட்டும் சொல்றேன், பிளேன் சத்தம் நின்னு போச்சு” என்றா.

ஹீத்ரோவின் ஓரத்திலிருக்கும் ஹவுன்ஸ்லோவில் பிளேன் சத்தம் பழகிப்போய் யாருக்கும் கேட்பதில்லை. அது நின்றால்தான் ஆட்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். இடிமுகிலைக் கண்டு விமானங்களை மேலேயே வட்டமிட வைத்திருந்தார்களாம், பிறகு தெரிந்தது. குரல் செய்தியைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். வசந்தியின் பேச்சுக்குப் பின்னால் ஒரு பறவை இல்லை, ஒரு கார் இல்லை, ஒன்றுமே இல்லை.

நாலு பதினெட்டுக்கு யாரோ உங்கள் பின்வளவு வானிலை நிலையத்தின் வரைபடத்தைக் குழுவில் போட்டார்கள். காற்றழுத்தக் கோடு கிணற்றுக்குள் விழுந்ததுபோல் செங்குத்தாக இறங்கியிருந்தது. காற்றின் திசை காட்டும் முள், ஒரு நிமிடத்துக்குள் வட்டம் முழுவதையும் சுற்றியிருந்தது. ஆனால் நேரத்தைப் பார்த்தால் மூன்று பதினாறு. ஒரு மணி நேரத்துக்கு முந்தைய பதிவு. மூன்று பதினாறுக்கு ஹவுன்ஸ்லோவில் நல்ல வெயில் என்று எல்லோருக்கும் தெரியும்.

குழுவை இப்போது நடத்துகிறவன் நான். நான்தான் எழுதினேன், அண்ணை. எழுத்துக்கு எழுத்து அப்படியே தருகிறேன்: ‘குகன் அண்ணையின் நிலையம் பழுது. ஒரு மணி முந்தியே நின்றுவிட்டது. கணக்கில் எடுக்க வேண்டாம்.’

அதற்குக் கீழே மூன்று பேர் பெருவிரல் உயர்த்தினார்கள். பிறகு வசந்தியிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. “அண்ணா, குகன் சார் எப்பவும் கிரீன்விச் நேரம்தானே வைப்பாரு?”

நீங்கள் ஆண்டு முழுக்க உங்கள் கருவிகளைக் கிரீன்விச் நேரத்தில்தான் ஓடவிட்டீர்கள். கோடையில் ஊரே மணியை ஒன்று கூட்டும்போதும் மாற்றமாட்டீர்கள். மணி கூட்டுறது ஆக்களுக்கு, ஆகாயத்துக்கு இல்லை என்பீர்கள். குழுவில் போடும்போது நீங்களே ஒரு மணியைக் கூட்டிப் போடுவதால் நாங்கள் அதை நினைத்ததே இல்லை. மாசியில் நீங்கள் போனபோது இரண்டும் ஒரே நேரம். பங்குனிக் கடைசியில் மணி மாறியது. அதன்பிறகு உங்கள் நிலையத்தில் நாங்கள் பார்த்ததெல்லாம் நாள் மழை எவ்வளவு என்று மட்டும்தான். நிமிடம் தேவைப்பட்ட முதல் நாள் அதுதான்.

மூன்று பதினாறு என்றால் நாலு பதினாறு. அந்தக் கோடு விழுந்தது பழைய கதை அல்ல. நாங்கள் பழுது என்று பேசத் தொடங்குவதற்கு இரண்டே நிமிடம் முன் உங்கள் வீட்டுக்கு மேல் நடந்த ஒன்று.

சனிக்கிழமை பின்னேரம் மலர் அக்கா எங்கே இருப்பா என்பது எனக்குத் தெரியும். நீங்கள் கட்டிய கண்ணாடிக் கொட்டிலுக்குள், மிளகாய்க் கன்றுகளுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் கதிரையில். நான் அழைத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. திரும்பவும் அழைத்தேன். வசந்தி ஏற்கெனவே காரை எடுத்துவிட்டா.

நாலு நாற்பதுக்கு வசந்தி அழைத்தா. “அக்கா நல்லா இருக்காங்க. கிச்சன் வாசல்ல நிக்கிறாங்க. ஆனா அண்ணா, கொட்டில் இல்ல.” கொட்டிலில் ஒரு கண்ணாடி மிச்சமில்லை. இடப்பக்க வேலி வீட்டைப் பார்த்து விழுந்திருந்தது, வலப்பக்க வேலி வெளியே பார்த்து. காற்று சுற்றியது என்பதற்கு அந்த அம்மா எடுத்துக்கொண்ட முதல் சான்று அந்த இரண்டு வேலியும்தான். அக்கா இருந்த கதிரை, பக்கத்து வீட்டு மரக்கூடத்தின் தட்டைக் கூரையில் நிமிர்ந்து நின்றது. யாரோ ஏறி உட்காருவதற்குத் தூக்கி வைத்ததுபோல நாலு காலும் ஊன்றியிருந்தது. நான் போய்ச் சேரும்வரை அதை இறக்க ஒருவரும் ஏறவில்லை.

உங்கள் கம்பம் அசையவில்லை.

அளக்க வந்த அம்மா அக்காவிடம் கேட்டா, நீங்கள் எப்படி வெளியே வந்தீர்கள் என்று. “அலாரம்” என்று ஒரே சொல்லில் அக்கா பதில் சொன்னா. காற்றழுத்தம் சடுதியாக விழுந்தால் அடிக்கும்படி நீங்கள் வைத்த அலாரத்தைத்தான் சொன்னா. சமைக்கிற குசினிச் சுவரிலுள்ள சின்னத் திரையோடு அது இணைந்திருக்கிறது. அந்த அம்மா அதைப் படிவத்தில் எழுதிக்கொண்டா. நல்ல செய்தி அது. இறந்தவர் வைத்த அலாரம் மனைவியைக் காப்பாற்றியது. பத்திரிகையில் இருந்திருந்தால் தலைப்பே போட்டிருப்பேன்.

இரண்டு வாரம் கழித்து, அக்கா வீட்டில் தேத்தண்ணி குடித்தபடி அந்தத் திரையைப் பார்த்தேன். மூலையில் ஒரு சின்ன மணியின் படம், அதன் மேல் குறுக்குக் கோடு. ஒலி நிறுத்தப்பட்டிருக்கிறது. எப்போது நிறுத்தியது? அக்கா தொடவில்லை என்கிறா. ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் நீங்கள் நிறுத்தினீர்களா? அல்லது சுழல் போனபிறகு, கண்ணாடி கூட்ட வந்த யாராவது கைபட்டு அமத்திவிட்டார்களா?

நேற்று அந்த மின்னஞ்சலோடு அக்காவிடம் போனேன். அதில் இன்னொரு வரியும் இருந்தது. சுழல் நேராக ஒரு தனியார் நிலையத்துக்கு மேலால் போவது அபூர்வம், எனவே உங்கள் பதிவைத் தங்கள் சுழல்காற்றுப் பட்டியலில் உங்கள் பெயரோடு சேர்க்க விரும்புகிறார்கள். அதற்குமுன் திரையின் நினைவகத்திலிருந்து அலாரம் அடித்த நேரத்தை எடுத்து, சாட்சியின் வாக்குமூலத்தோடு ஒப்பிடவேண்டுமாம்.

நான் வாசித்து முடிக்கும்வரை அக்கா கேட்டிருந்தா. கையிலிருந்த பயத்தங்காயை முறித்துச் சட்டிக்குள் போட்டபடி இருந்தா. பிறகு சொன்னா, “தம்பி, அலாரம் அடிச்சதோ எண்டு எனக்குத் தெரியாது. மழை கண்ணாடியில அடிக்கேக்க ஒண்டும் கேளாது.”

“அப்ப ஏன் எழும்பினனீங்கள் அக்கா?”

“இவர் சொன்னவர்.”

எனக்குக் கேட்கத் தெரிந்தது ஒரேயொரு விதம்தான். என்ன சொன்னார், எந்தப் பக்கமிருந்து என்று கேட்டேன்.

“‘மலர், இருந்தது காணும். உள்ளுக்குப் போ’ எண்டு. கோவமாயும் இல்லை, அவதியாயும் இல்லை. ஷிப்டுக்கு வெளிக்கிடேக்க சொல்லுவார்தானே, அந்த மாதிரி.”

“குசினிப் பக்கமிருந்தோ?”

“இல்லைத் தம்பி. பின்னாலயிருந்து.”

அக்காவுக்குப் பின்னால் இருந்தது வேலியும் அதற்கப்பால் ஒடுங்கிய ஒழுங்கைப் பாதையும். சுழல் அந்த ஒழுங்கையால்தான் வந்தது.

எழும்பி உள்ளே வந்து கதவைச் சாத்தின கையோடு கண்ணாடி உடைந்ததாம். வெள்ளைக்காரியிடம் இதைச் சொல்ல ஏலுமோ, விசர் எண்டு நினைப்பாளே, அதுதான் அலாரம் என்றேன் என்றா. எனக்குத் தெரிய, அக்கா ஒரு படிவத்தில் பொய் எழுதுவித்தது அதுதான் முதல்தரம். இத்தனை வருடம் அகதி விண்ணப்பத்திலிருந்து கவுன்சில் கடிதம் வரைக்கும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்ன மனுசி.

பிறகு என்னைக் கேட்டா, “நினைவகத்தைத் திறந்து பாக்க, அது அடிக்கேல்லை எண்டு வந்தா? நான் பொய் சொன்னனான் எண்டு, இவற்ற பதிவையும் தள்ளிப்போடுவினமோ?”

தள்ளலாம், அக்கா, என்றேன். வேறென்ன சொல்ல? சாட்சி ஓரிடத்தில் பிழை விட்டால் மற்றதையும் சந்தேகிப்பார்கள். நானும் அப்படித்தான் செய்திருப்பேன். இருபது வருடம் நின்று காத்தது உங்கள் பெயரில் ஏறாமல் போக, அந்த ஒரு சொல் போதும்.

நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள், “என்ன பத்திரிகைக்காரத் தம்பி, உறுதிப்படுத்தப்படாத தகவலோ?” என்று. ஆனால் நான் அக்காவிடம் சொன்னது இதுதான்: திறந்து பார்த்தபிறகு வாக்குமூலத்தை மாற்றினால் அது சாட்டு. திறக்குமுன் மாற்றினால் அது சாட்சி. அக்கா சட்டியைத் தள்ளிவைத்துவிட்டு, “எழுதுங்கோ” என்றா.

அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். அலாரம் கேட்டதாகச் சொன்னது சரியல்ல. என் கணவரின் குரல் கேட்டது, அவர் மாசி மாதம் காலமானவர். குரல் பின்னாலிருந்து வந்தது. நான் எழும்பினேன். ‘கேட்டதுபோல் இருந்தது’ என்று போடட்டா என்று ஒருமுறை கேட்டேன். “கேட்டது” என்றா. அப்படியே ஆங்கிலத்தில் போட்டு, அக்கா கையெழுத்து வைக்க, இன்று காலை அனுப்பினேன். அதோடு என் பெயரில் இன்னொரு பக்கமும் போனது. நாலு பதினெட்டுக்கு உங்கள் நிலையத்தைப் பழுது என்று அறிவித்தவன் நான், நிலையம் சரி, பிழை விட்டது நான் என்று.

நினைவகத்தை ஞாயிறு நண்பகல் வசந்தியின் கணவர் கார்த்திக் திறக்கிறார். அந்த அம்மாவும் வருவா. கம்பத்தை நிறுத்தாமலே எடுக்க முடியும் என்று கார்த்திக் அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். அலாரம் அடித்ததா இல்லையா என்பது அன்று தெரியும். உங்கள் பெயர் பட்டியலில் ஏறுகிறதா என்பதை மாத முடிவுக்குள் எழுத்தில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். காலையில் அனுப்பியதற்கு, இதை எழுதும்வரை பதில் இல்லை.

முடிவு எதுவானாலும் உங்களுக்குத்தான் முதலில் எழுதுவேன், அண்ணை, நேரத்தோடு, கிரீன்விச் நேரத்தில். அலாரம் அடிக்கவில்லை என்று வந்தாலும் அக்காவின் வாக்குமூலத்தில் ஒரு சொல்லையும் மாற்றவிடமாட்டேன்.

உடன்பிறக்காத உங்கள் தம்பி,
ஹரோவிலிருந்து