மாமியாரைப் படையலுக்குக் கேட்டார்கள்

இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன், கையிலிருந்து புண்ணாக்கு வாடை போகவில்லை. கடலைப் புண்ணாக்கும் தவிடும் ஊறவைத்து உருட்டுகிற உருண்டையின் வாடை, உனக்குத் தெரியாததா? மற்ற மீன் தொட்டிகளுக்கெல்லாம் மூட்டைத் தீவனம்தான். இந்த உருண்டை ஒருத்திக்கு மட்டும் என்று நீ ஆரம்பித்துவைத்த பழக்கம், நீ போய் ஒரு வருஷம் ஆன பிறகும் என் தலையில் விடிந்திருக்கிறது. எனக்குக் கோபமாக வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

பாகூரில் என் கரும்புக் கொல்லைக்குப் பின்னால் சிமெண்ட் தொட்டி கட்டி, ஜிலேபி கெண்டைக் குஞ்சு விற்கலாம் என்று நாம் கூட்டுச் சேர்ந்த அன்றே சண்டையும் தொடங்கியது. தாய் மீன் உள்ளங்கை அளவு இருந்தால் போதும் என்றேன் நான். நீ சிரித்தாய். "இம்மாந்துண்டு மீனு இன்னாடா முட்ட வுடும்? தாய்னா பாத்தா தாய் மாரி இருக்கணும்டா" என்றாய்.

பெரிய மீன் ஒரு தடவைக்கு அதிக முட்டை இடும் என்பதை நான் மறுத்ததே இல்லை. ஆனால் தின்கிற தீனிக்கு? அதே எடைக்குச் சின்ன மீன்களை விட்டால், எல்லாம் சேர்ந்து அதைவிட அதிகமாகத் தரும். இட்ட முட்டையை வாய்க்குள்ளேயே வைத்து அடைகாக்கிற ஜாதி இது. அந்த முட்டையை நாம் எடுத்துவிட்டால், சில வாரங்களில் சின்னது மறுபடியும் தயாராகிவிடும். பெரியதோ மனசு வந்தால் இடும், இல்லாவிட்டால் மாதக்கணக்கில் தின்றுகொண்டே கிடக்கும். எத்தனை தடவை சொல்லியிருப்பேன், ஒரு தடவையாவது காது கொடுத்தாயா?

கடைசியில் சின்னவற்றை விட ஒத்துக்கொண்டாய். ஆனால் ஒரே ஒரு பெரியதை மட்டும் கடைசித் தொட்டியில் வைத்துக்கொண்டாய். கூட விட்ட ஆண் மீனையே முட்டித் தள்ளிவிட்டுத் தீனிக்கு முந்துகிற அவளுக்கு 'மாமியார்' என்று பெயர் வைத்தவன் நான். வில்லியனூரிலிருந்து குஞ்சு வாங்க வருகிறவர்களை நீ நேரே அவளிடம்தான் கூட்டிப்போவாய். அவர்களும் வாயைப் பிளப்பார்கள். வாங்கிப்போவது என் சின்ன மீன்களின் குஞ்சு, பேர் வாங்குவது உன் மாமியார். எனக்கு வயிறு எரியாதா? வித்துத் தொலை என்று கத்தினால், "போடா, அவ பாட்டுக்குக் கீறா, வுடு" என்பாய்.

போன வாரம் உன் வருஷப் படையல். அரியாங்குப்பத்தில் குடியிருக்கிற உன் பெரிய பையன் பைக்கில் வந்து இறங்கினான். கையில் ஒரு சாக்கு.

"சித்தப்பா, கடைசித் தொட்டில கீதே பெரிய மீனு, அத அப்பா படையலுக்கு எடுத்துக்கறேன்."

"வேற மீனே கெடைக்கலியாடா ஒனக்கு?"

"அப்பா வளத்ததுலயே பெருசு அதான சித்தப்பா. சின்ன மீன வெச்சா ஊரு இன்னா சொல்லும்?"

நீ எத்தனையோ மீன் வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறாய், அவளை ஒரு நாளும் கறிக்கு நினைத்ததில்லை. இதை வீட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? என்னிடம் வாய் ஓயாமல் பேசினாயே, பெற்ற பிள்ளையிடம் சொல்ல என்ன கேடு? பெரியதாக இருந்தால்தான் மரியாதை என்பதில் அப்பனுக்கும் பிள்ளைக்கும் ஒரே புத்தி.

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் கைவலையைப் போட்டு அவளைத் தூக்கிவிட்டான். அவள் துள்ளினாள். வாயிலிருந்து முட்டைகள் மஞ்சள் மஞ்சளாகச் சிதறி வலையிலும், அவன் பேண்ட்டிலும், ஈரத் தரையிலும் விழுந்தன. இரண்டு நாளாக உருண்டை தொடப்படாமல் கரைந்து கிடந்த காரணம் அப்போதுதான் விளங்கியது. மாதக்கணக்காகச் சும்மா இருந்தவள், உன் படையல் வாரம் பார்த்து வாய் நிறைய அடைகாத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"எறக்குடா கீழ! வாயில முட்ட வெச்சினு கீறவள எவன்டா தூக்குவான்? ஒங்கப்பன் இருந்தா கைய ஒடிச்சிருப்பான்!"

கொல்லையில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பையன் அவளைத் தண்ணீரில் விட்டான்.

"எனக்கு இன்னா தெரியும் சித்தப்பா? அப்பா சொல்லவே இல்லியே" என்றான். அதைக் கேட்டதும் என் கோபம் முழுக்க உன்மேல் திரும்பியது.

சிதறியதை இருவரும் வழித்தெடுத்தோம். முட்டை பொரிப்பதற்காக அடி வெட்டித் தலைகீழாக மாட்டிய கூல்டிரிங்க்ஸ் பாட்டில்களில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டோம். சின்ன மீன் ஒன்றின் முட்டைக்கு ஒரு பாட்டிலே அதிகம். அவளுடையது மூன்றை நிரப்பியது. அதற்காக ஜெயித்துவிட்டதாக நினைக்காதே, அவள் தின்ற தீனியும் எனக்குத் தெரியும். பையனை மீன் கடைக்குக் கூட்டிப்போய்ப் பெரிய கொடுவாவாக ஒன்று வாங்கிக் கொடுத்தனுப்பினேன். படையலில் இலை கொள்ளாமல் கிடந்தது. ஊர் ஒன்றும் சொல்லவில்லை.

இன்று காலை பாட்டில்களில் குஞ்சுகள் வாலாட்டிக்கொண்டிருந்தபோது, கரையாம்புத்தூர்க்காரர் ஒருவர் குஞ்சு கேட்டு வந்தார். என் தாய் மீன்களைப் பார்த்து, "இன்னாபா, இவ்ளோ சின்னதா கீது?" என்று உதட்டைப் பிதுக்கினார். தின்கிற தீனி, எடை, வாரம் என்று சொல்ல என்னிடம் எல்லாம் இருந்தது. ஆனால் அவரை நேரே கடைசித் தொட்டிக்குக் கூட்டிப்போனேன். உருண்டையைப் போட்டேன். மாமியார் மேலே வந்தாள். அவர் வாயைப் பிளந்தார்.

சின்ன மீன்தான் லாபம். இன்னும் அதையேதான் சொல்கிறேன், சத்தமாகவே சொல்கிறேன். "போடா" என்று சொல்ல ஆளில்லாமல் செய்துவிட்டுப் போனாயே, இது என்னடா நியாயம்?