குழாய்க்குள் கரைந்த கட்டி

2013 செப்ரெம்பர் 3, செவ்வாய்

இன்று வந்த முப்பத்திரண்டு இரத்தக் குழாய்களில் பதினெட்டாவது அண்ணனுடையது. ஐஎன்ஆர் 1.2. இரத்தம் உறைய எவ்வளவு பிந்துகிறது என்று காட்டும் எண் அது. இரத்தம் உறையாமல் காக்கிற வார்பரின் குளிசை போடுகிற அண்ணனுக்கு இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் நிற்க வேண்டும். இயந்திரத்தில் பிழையோ என்று திரும்பவும் ஓடவிட்டேன். அதே 1.2. பதினொரு வருடமாக இந்த ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். ஆள் குளிசையைத் தொடவேயில்லை.

வெளியே வந்து கேட்டேன். "குளிசை போடுறனீங்களோ அண்ணை?"

"ஓம் ஓம்" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

கொன்ஸ்ரன்ரைன் அண்ணனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. போன வருடம் அரிப்பு என்கிற எங்கள் ஊரில் வீட்டுத்திட்ட வீட்டுக்குக் கூரை போடும்போது விழுந்து, கால் இரண்டு மாதம் மாவுக்கட்டில் கிடந்து, அதில் உறைந்த கட்டி நெஞ்சுக்கு ஏறி, செத்துப் பிழைத்தவர். சண்டைக்குள் எத்தனை முகாம் மாறினோம்! அங்கெல்லாம் ஒன்றும் ஆகாமல், சொந்த வீட்டுக் கூரையில் ஏறிய அன்றா விழவேண்டும்?

செப்ரெம்பர் 4

அண்ணி கிறேஸ் தொலைபேசியில் ஒத்துக்கொண்டா. மூன்று கிழமையாகக் குளிசை இல்லை. தாய்லாந்துக் கசாயமாம்.

செப்ரெம்பர் 8, ஞாயிறு

பூசை முடிய அரிப்புக்கு பஸ் ஏறினேன். கசாயக்காரன் அங்கேயே இருந்தான் – அண்ணியின் தம்பி ஜெனிஸ்ரன். சண்டை முடிந்த கையோடு பாங்கொக் போனவன். அகதி என்று ஏற்றுக்கொள்வார்கள் என்று மூன்றரை வருடம் பார்த்திருந்துவிட்டு, சித்திரையில் திரும்பி வந்தான். அங்கே இருந்த காலத்தில் ஒரு மூலிகைக் கடையில் வேலை. கொண்டுவந்தவை மூன்று: உள்ளே ஊதா நிறமான இஞ்சி போன்ற காய்ந்த கிழங்கு, ஒரு கொடித்துண்டு, ஒரு இலைத்தூள். இரத்தம் கட்டினால் அங்கே இதுதான் குடிப்பார்களாம்.

கத்தினேன். ஆனால் அண்ணி கேட்ட கேள்விக்குத்தான் நான் கொஞ்சம் தடுமாறினேன். "எலிக்கு வைக்கிற மருந்தும் அந்தக் குளிசையும் ஒண்டாமே, மச்சாள்? பிறகு எப்பிடி அவருக்குக் குடுக்கிறது?"

அது உண்மைதான். அளவில்தான் எல்லாம் இருக்கிறது என்று சொன்னேன். யாருக்கும் ஏறவில்லை.

ஜெனிஸ்ரன் மட்டும் குரல் உயர்த்தவில்லை. "உங்களிட்டை ஆய்வுகூடம் இருக்குத்தானே மச்சாள். இரத்தக்கட்டி கரையுதோ எண்டு சோதிச்சுப் பாருங்கோவன்."

அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டார். "ஓம். கரையேல்லை எண்டால் குளிசையைப் போடுறன். நீ சொன்னால் நம்புறன்."

சரி என்றேன். கரையாது. எனக்குத் தெரியாததா? மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் பொட்டலம் கட்டி எடுத்துவந்தேன்.

செப்ரெம்பர் 10

முறை கடினமில்லை. சின்னக் குழாயில் இரத்தத்தை உறையவிட்டு, மேல்நீரை எடுத்துவிட்டு, கட்டியை நிறுக்க வேண்டும். கசாயம் விட்டு உடல் சூட்டில் ஒன்றரை மணித்தியாலம் வைத்து, கரைந்ததை வடித்துத் திரும்ப நிறுக்க வேண்டும். ஒப்பிட, ஒரு குழாயில் வெறும் தண்ணீர். இன்னொன்றில் மாரடைப்புக்குப் போடுகிற கரைப்பு ஊசி மருந்து. பொறுப்பு டொக்டர், நாள் கடந்த குப்பி ஒன்றைத் தந்தார். மில்லிகிராம் காட்டும் தராசுதான் இல்லை.

கிடைத்துவிட்டது! 1990இல் வெளியேற்றப்பட்டு, இருபத்திரண்டு வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டு வந்து நகைக்கடை திறந்திருக்கும் அப்துல் ஹமீட் நானாவைக் கேட்டேன். "வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குக் கடை பூட்டுவன். அப்ப கொண்டுபோங்க. பின்னேரம் அஸர் தொழுகைக்குள்ள தந்திருங்க" என்றார். பிறகு, "ரத்தத்தையா நிறுக்கப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு, தராசுத் தட்டுக்கு மேல் போட ஒரு பிளாஸ்ரிக் மூடியும் தந்தார்.

செப்ரெம்பர் 13, வெள்ளி

என் கையிலிருந்தே இரத்தம் எடுத்தேன்.

தண்ணீரில் கரைந்தது நூற்றுக்கு நான்கு. இலைத்தூள் ஆறு. கொடி பதினொன்று. ஊசி மருந்து அறுபத்தாறு.

ஊதாக் கிழங்கு இருபத்தொன்பது.

இருபத்தொன்பது! கிழங்குக்கு மூன்று குழாய்கள் வைத்திருந்தேன், மூன்றிலும் கிட்டத்தட்ட அதேதான். என் இரத்தக் கட்டியில் கால்வாசிக்கு மேல் என் கண்முன்னே கரைந்துபோயிற்று. சந்தோஷப்படுவதா? – வெட்கமில்லாமல் எழுதுகிறேன், முதல் நிமிடம் சந்தோஷம்தான் வந்தது. இரண்டாவது நிமிடம்தான் அண்ணன் நினைவுக்கு வந்தார்.

செப்ரெம்பர் 14

நான்கு என்று சொன்னால் குளிசை போடுவார். யார் கேட்கப் போகிறார்கள்?

இல்லை. ஒருமுறை எண்ணை மாற்றினால் பிறகு நான் என்ன ஆய்வுகூடக்காரி?

செப்ரெம்பர் 15, ஞாயிறு

சொன்னேன். உள்ளதை உள்ளபடி.

"பாத்தியே!" என்று அண்ணன் கதிரையில் தட்டினார்.

"அண்ணை, குழாய்க்குள்ளைதான் கரைஞ்சது. குடிச்சால் வயிறு, ஈரல் எல்லாம் தாண்டிப் போகவேணும். கால் நரம்புக்குள்ளை என்ன செய்யுமெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. குளிசை பழைய கட்டியைக் கரைக்கிறேல்லை, புதுசு வராமல் காக்கிறது. அது வேறை வேலை, இது வேறை வேலை. உங்கடை 1.2 சொல்லுது, இப்ப காவலுக்கு ஒருத்தரும் இல்லை."

"கரையுதெண்டு உன்ரை வாயாலை சொல்லிப்போட்டாய். போதும்."

போதாது அண்ணை, போதாது. விளங்கப்படுத்தத் தெரியாதவளாகப் போய்விட்டேனே நான்! கரையாது என்ற நினைப்பில் பந்தயம் கட்டினது என்ரை பிழை. விடமாட்டன்.

ஜெனிஸ்ரனை வெளியே கூட்டிவந்து, வேறு யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்டேன். பதினொரு பேர்.

"அதிலை ஆஸ்பத்திரிக் குளிசையும் போடுறவை ஆர் ஆர் எண்டு எனக்குத் தெரிய வேணும், ஜெனிஸ்ரன்."

"நான் கேக்கேல்லை மச்சாள்" என்றான், மெதுவாக.

செப்ரெம்பர் 17, செவ்வாய்

விடிய எட்டு மணிக்கு ஜெனிஸ்ரன் ஓட்டோவில் ஒரு அம்மாவைக் கொண்டுவந்தான். திருக்கேதீஸ்வரத்துக்குக் கிட்ட வயல் செய்கிற சிவலட்சுமி. இருதய வால்வுக்காக வார்பரின் போடுகிறவா. ஒரு மாதமாகக் கிழங்கும் குடித்திருக்கிறா. நேற்று மாலையிலிருந்து மூக்கால் இரத்தம், நிற்கவில்லை. இவன் ஒவ்வொரு வீடாகக் கேட்டுக்கொண்டு போனபடியால்தான் கண்டிருக்கிறான்.

ஐஎன்ஆர் 6.8. டொக்டர் உடனே இரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே ஊசி போட்டு வார்டில் வைத்தார். பின்னேரம் இரத்தம் நின்றுவிட்டது. ஒரு ஆளை வைத்துக் கிழங்கால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எனக்குச் சந்தேகம் நிறைய.

அவன் சேர்ட்டில் அந்த அம்மாவின் இரத்தம். "மருந்து பிழையோ மச்சாள்?"

"பிழையில்லை. வேலை செய்யுது. அதுதான் பயம். எவ்வளவு, ஆருக்கு, எதோடை எண்டு தெரியாமல் குடுத்ததுதான் பிழை."

முகத்தைப் பொத்திக்கொண்டு வாங்குப் பலகையில் இருந்தான். பிறகு எழும்பி, "மிச்ச ஆக்களைப் பாத்திட்டு வாறன்" என்று போனான்.

செப்ரெம்பர் 18

அண்ணி தொலைபேசி எடுத்தா. ஜெனிஸ்ரன் நேற்றே வீட்டுக்குப் போய்க் கசாயப் போத்தலை அண்ணனுக்கு முன்னால் கொட்டியிருக்கிறான். "அத்தான், நான் தந்தது என்னெண்டு எனக்கே தெரியாது. செலீனா மச்சாள் அறியத்தான் பாக்கிறா. அவ கண்டுபிடிக்கும் வரைக்கும் குளிசையைப் போடுங்கோ" என்றானாம். அந்த அம்மாவின் கதையையும் சொன்னானாம். மிச்ச ஆக்களையும் கண்டு கசாயத்தை நிறுத்தச் சொல்லிவிட்டானாம்.

அண்ணன் இன்று காலையில் கிளினிக்குக்கு வந்து, டொக்டர் சொன்ன அளவில் குளிசையைத் திரும்பத் தொடங்கிவிட்டார். என்னோடு கதைக்கவில்லை. கதைக்காவிட்டாலும் பரவாயில்லை.

ஒக்ரோபர் 11, வெள்ளி

டொக்டரின் அனுமதியோடு எட்டுப் பேரின் இரத்தத்தில் திரும்பச் செய்தேன். ஊதாக் கிழங்கு சராசரி இருபத்தேழு. தற்செயல் இல்லை. கசாயத்தை ஜெனிஸ்ரனையே காய்ச்சச் சொன்னேன். எத்தனை கிராம், எவ்வளவு தண்ணீர், எத்தனை நிமிடம் என்று ஒவ்வொன்றாக எழுதிவைத்தான். கையெழுத்து என்னுடையதைவிட நல்லது.

எல்லாவற்றையும் யாழ்ப்பாணத்தில் சித்த மருத்துவம் படிப்பிக்கிற ஒருவருக்கு அனுப்புகிறேன்.

நவம்பர் 5

அண்ணனின் ஐஎன்ஆர் 2.4. "நல்லமோ?" என்று அவரே கேட்டார்.

2014 ஜனவரி 21, செவ்வாய்

யாழ்ப்பாணத்திலிருந்து பதில் வந்தது. கிழங்கைக் கேட்டிருக்கிறார்கள், ஒழுங்காகப் படிக்கப் போகிறார்களாம். மனிதர்களுக்குக் கொடுப்பதைப் பற்றி இப்போதைக்கு யாரும் பேச வேண்டாம் என்றும் எழுதியிருந்தது. நானும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

மத்தியானம் ஜெனிஸ்ரன் ஒரு விண்ணப்பத்தோடு வந்தான். மருந்துக் கலவையாளர் பயிற்சிக்கு. நற்சான்று கொடுப்பவர் உறவினராக இருக்கக்கூடாதோ என்று தயங்கினான். வாசித்துப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. 'விண்ணப்பதாரியை எவ்வாறு அறிவீர்?' என்று ஒரு வரி மட்டும் இருந்தது.

அண்ணியின் தம்பி என்று எழுதப்போய், பேனையை நிறுத்திவிட்டு, 'என்னோடு ஆய்வு செய்தவர்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.