மாரீஸ்வரன் வரும் தேதி

அன்புள்ள வெள்ளைத்தாய்க்கு,

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். நானே எழுதியது. முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

இங்கே சிவகாசி அச்சகத்தில் அமெரிக்கா ஆர்டர் டைரிகளைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். நம் மகன் மாரீஸ்வரன் அமெரிக்காவிலிருந்து 4/9 அன்று வருவதாக எழுதியிருந்தானே, செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டுமே என்று நேற்று மேனேஜரிடம் புலம்பினேன்.

"அங்கன மாசத்தைத்தான் மொதல்ல போடுவாக, பெரியவரே. ஏப்ரல் ஒம்பதுல வர்றான்" என்று சிரித்தார்.

பங்குனிப் பொங்கலுக்கே வந்துவிடுகிறான். இனி அழாதே. அவன் கட்டிலை வெயிலில் போடு. எனக்குக் கொஞ்சம் கருவாட்டுக் குழம்பு வேன்காரரிடம் கொடுத்துவிடு, இங்கே சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த வாரமும் எழுதுகிறேன். நான் வரும் தேதியில் மாதத்தின் பெயரை எழுத்துக்கூட்டியே போடுவேன்.

கருப்பணன்